அம்பத்தூர் மாடியில் ஆல்ப்பைன் ஸ்ட்ராபெரி: ஒரு தோல்வி, ஒரு அறுவடை

2025 பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், எங்கள் தெரு மிலிட்டரி மாமா என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையில் மூன்று பழங்களை வைத்தார். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. "உடனே வாயில போட்டுடாதம்மா, மோந்து பாரு" என்றார். மோந்து பார்த்தேன். கடையில் பெட்டியில் வரும் ஸ்ட்ராபெரியின் வாசனை இல்லை. திராட்சை, அன்னாசி, அதோடு கொஞ்சம் குண்டுமல்லி. வாயில் வைத்ததும் நாக்கிலேயே கரைந்துவிட்டது.

அந்த மூன்று பழங்களுக்குப் பின்னால் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. ஒரு முழுத் தோல்வியும் இருக்கிறது. ஆரம்பத்தில் இருந்து பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். சில தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு. மாமா ராணுவத்தில் பழகிய ஒழுங்கில் எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சென்னையில் இந்தச் செடி வருமா என்று கேட்டால், வரும். ஆனால் எந்த மாதத்தில் விதைக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதி தண்ணீர்.

ஏன் இந்தச் செடி

மாமா பணியில் இருந்தபோது சில வருடங்கள் இமாச்சலப் பிரதேசத்தில் இருந்தவர். அங்கே மலைச்சரிவுகளில் புல்லோடு புல்லாகக் காட்டு ஸ்ட்ராபெரி பழுக்கும். தொப்பி நிறையப் பறித்துப் போட்டுக்கொண்டு நடந்ததைத் தெருவில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்று அம்பத்தூரில் குடியேறியபின் மொட்டை மாடியில் கத்தரி, வெண்டை, கீரை என்று நன்றாகவே தோட்டம் போட்டார். 2023ல் பேத்தி, "அந்தப் பழத்த இங்க வளங்க தாத்தா" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான் தொடக்கம்.

இமயமலைச் சரிவில் அவர் பறித்தது எந்த இனம் என்று இப்போது சொல்ல முடியாது. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட காட்டினங்கள் உண்டு. நம் நீலகிரியின் பெயரையே தாங்கிய ஃப்ரகேரியா நீல்கெரென்சிஸ் என்ற ஓர் இனமும் இருக்கிறது. ஆனால் வீட்டில் வளர்ப்பதற்கு விதையாகக் கிடைப்பது ஃப்ரகேரியா வெஸ்கா. அதில் ஒரு வகைதான் ஆல்ப்பைன் ஸ்ட்ராபெரி.

கடையில் வாங்கும் பெரிய ஸ்ட்ராபெரி இதிலிருந்து வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. 1714ல் ஃப்ரெசியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சிலி நாட்டில் இருந்து பெரிய பழம் தரும் செடிகளைக் கப்பலில் கொண்டுபோனார். அந்தச் சிலிச் செடியும் வட அமெரிக்கச் செடி ஒன்றும் பிரான்சின் தோட்டங்களில் கலந்து பிறந்ததுதான் இன்றைய பெரிய ஸ்ட்ராபெரி. அதன் செல்லில் 56 குரோமோசோம்கள். ஆல்ப்பைனில் 14 மட்டுமே. ஒரு பட்டாளத்துக்காரர்தான் ஸ்ட்ராபெரியைக் கடல் கடந்து கொண்டுவந்தார் என்று நான் சொன்னதும் மாமாவுக்கு வந்த சந்தோஷம் சாதாரணமானது இல்லை. அன்று மாலையே நோட்டின் முதல் பக்கத்தில் ஃப்ரெசியே பெயரை எழுதிவிட்டார்.

தோட்டக்காரருக்கு முக்கியமான இரண்டு வேறுபாடுகள் உண்டு. பெரிய ஸ்ட்ராபெரி ஓடுகொடி விட்டுப் பரவும். அந்தக் கொடியில் வரும் கன்றைப் பிரித்து நடலாம். ஆல்ப்பைன் வகை பெரும்பாலும் ஓடுகொடி விடாது. விதையில் இருந்துதான் வளர்க்க வேண்டும். இரண்டாவது, பெரிய ஸ்ட்ராபெரியின் பல ரகங்களுக்குப் பகல் குறுகினால்தான் பூக்கத் தோன்றும். ஆல்ப்பைனுக்கு அந்தக் கணக்கு இல்லை. போதுமான வயது வந்து, வெப்பமும் தோதாக இருந்தால் பூத்துக்கொண்டே இருக்கும். இந்தக் குணத்தைப் படித்துவிட்டுத்தான் நாங்கள் ஏமாந்தோம். எப்போதும் பூக்கும் செடி என்றால் எப்போது விதைத்தால் என்ன என்று நினைத்துவிட்டோம்.

முதல் பருவம்: மார்கழி விதைப்பு

முதலில் வாங்கிய விதை பொய். இணையத்தில் ஒரு கடையில் சிவப்பு, நீலம், கறுப்பு என்று மூன்று நிறத்துப் பழம் போட்ட பாக்கெட். நீல ஸ்ட்ராபெரி என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்ததுமே ஒதுங்கியிருக்க வேண்டும். முளைத்தது என்னவோ பருப்புக்கீரை மாதிரி ஒரு களை. இரண்டாவது முறை, தாவரவியல் பெயரும் ரகத்தின் பெயரும் அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்கினோம். சிவப்புப் பழம் தரும் 'ரூகன்', வெளிர்மஞ்சள் பழம் தரும் 'யெல்லோ ஒண்டர்' என்று இரண்டு ரகம். இன்னொரு ஏமாற்றமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மலைப்பக்கம் போனவர்கள் காட்டு ஸ்ட்ராபெரி என்று ஒரு கொடியைப் பெயர்த்துக்கொண்டு வருவார்கள். பூ மஞ்சளாக இருந்தால் அது போலி ஸ்ட்ராபெரி. பழம் சிவப்பாக அழகாக இருக்கும், ருசி மட்டும் பச்சைத் தண்ணீர். ஆல்ப்பைனுக்குப் பூ வெள்ளை, ஐந்து இதழ்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்து ஓய்ந்தது. தெருவில் தண்ணீர் வடிந்து, காற்றில் குளிர் தெரிய ஆரம்பித்தது. "குளிர்நாட்டுச் செடி, குளிர்ல போட்டாத்தானே வரும்?" என்றார் மாமா. ஆமாம் என்று சொன்னது நான்தான். பத்து வருடம் மாடித்தோட்டம் போட்டவள் என்ற நம்பிக்கையில் சொல்லிவிட்டேன். டிசம்பர் 28, 50 விதை.

ஆல்ப்பைன் விதை கசகசாவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஜனவரி முடிவதற்குள் 19 முளைத்தன. அப்புறம்தான் எங்களுக்குப் பொறுமை என்றால் என்ன என்று புரிந்தது. கீரை விதைத்தால் இருபத்தைந்து நாளில் பறிக்கிறோம். இது இரண்டு மாதம் ஆகியும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இரண்டு மூன்று இலையோடு உட்கார்ந்திருந்தது. மார்ச் வந்தது. வெயில் ஏறியது. ஏப்ரலில்தான் செடி ஒரு சாண் அகலத்துக்கு விரிந்தது. அதற்குள் இலை ஓரமெல்லாம் கருகிப் பழுப்பாகியிருந்தது. மூன்று பூ வந்தது, மூன்றும் காய்ந்து உதிர்ந்தன. மே 4 அக்னி நட்சத்திரம். பச்சை வலைக்குக் கீழே வைத்தோம், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினோம், ஈரச்சாக்கு சுற்றினோம். மாமா நோட்டில் அந்தப் பக்கத்தில் ஒரே வரி: "மே 19. கடைசிச் செடியும் போய்விட்டது."

பேத்தி அன்று வந்திருந்தாள். காய்ந்த செடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றார் மாமா.

நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் நோட்டோடு உட்கார்ந்தோம். நானும் மாமாவும் வெயில், வலை, மண் என்று பேசிக்கொண்டிருந்தோம். அத்தை, மாமாவின் மனைவி, திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம். காய் நறுக்கிக்கொண்டே, "வெதச்சதுலேருந்து காய்க்க எத்தன மாசம்?" என்று கேட்டார். ஐந்து, ஐந்தரை மாதம் என்றேன். "அப்ப தையில காய்க்கணும்னா ஆடியில போடணும். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார்.

எங்கள் தவறு முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது. மார்கழியில் விதைத்ததால் சென்னையில் கிடைக்கும் நல்ல மாதங்கள் அத்தனையும் செடியின் குழந்தைப் பருவத்தில் வீணாகிப் போயின. பூக்கும் வயது வந்தபோது கத்திரி வெயில் வந்து நின்றது. செடி பெரியதாக இருக்க வேண்டிய காலம் மார்கழி, தை, மாசி. அப்படியென்றால் நம் வெயிலில் அது குழந்தையாக இருந்தாக வேண்டும். ஆடி மாத வெயிலில் குழந்தையை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் உண்மையான கேள்வி. நெல்லுக்கும் அவரைக்கும் சொன்ன ஆடிப்பட்டம் மழையை நம்பியது. இங்கே காரணம் வேறு. ஆனால் மாதம் அதே மாதம்.

சென்னையின் வெப்பத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஜனவரியில் பகலில் 29, 30 டிகிரி, இரவில் 20, 21 டிகிரி வரை இறங்கும். மே மாதத்தில் பகல் 37, 38ஐத் தாண்டும். இரவில்கூட 28க்குக் கீழே இறங்குவது அபூர்வம். மக்கள் பகல் வெயிலைத்தான் பார்க்கிறார்கள். வலை கட்டி அதைக் குறைத்துவிடலாம். இரவு வெப்பத்துக்கு வலை கிடையாது. பகலில் இலை தயாரித்த சர்க்கரையை இரவில் செடி மூச்சுவிட்டுச் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் அந்தச் செலவு ஏறும். பழத்துக்கும் வேருக்கும் மிச்சம் இருப்பது கொஞ்சம். வெயில் கூடும்போது மகரந்தத்தின் வீரியமும் குறைகிறது. பூ வந்தாலும் பிஞ்சு பிடிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். இரவு 22, 23க்குக் கீழே இருக்கும் அந்த மூன்று மாதம்தான் நமக்கு உண்டான சொத்து என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

இரண்டாம் பருவம்: ஆடி 1

ஜூன் கடைசியில் விதையை ஈரமான டிஷ்யூ காகிதத்தில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று வாரம் வைத்தோம். மலைநாட்டில் பனிக்காலத்தைக் கடந்து முளைக்கும் விதை இது. ஒரு குளிர்காலம் கடந்துவிட்டதாக அதை நம்பவைக்கும் வழி இது. 2024 ஜூலை 17, ஆடி முதல் நாள், 60 விதை.

விதைத்தது மாடியில் இல்லை, மாமா தூங்கும் ஏசி அறையில். இனிப்புக்கடை டப்பா, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடியோடு. அடியில் ஓட்டை. நன்றாக அலசிய கோகோபீட்டும் சலித்த மண்புழு உரமும் மூன்றுக்கு ஒன்று. கோகோபீட்டை அலசாமல் போடவே கூடாது; தேங்காய் நாரில் இயல்பாகவே உப்பு இருக்கும். மூன்று தடவை தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிந்தோம். பல்குத்தும் குச்சியின் நுனியை நனைத்து ஒவ்வொரு விதையாகத் தொட்டு எடுத்து மேலே வைத்தார் மாமா. மேலே மண் போடக் கூடாது. இந்த விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். லேசாக விரலால் அழுத்தினால் போதும். டப்பாவுக்கு ஒரு சாண் மேலே எல்இடி டியூப் லைட், நாளுக்கு 14 மணி நேரம். இரவெல்லாம் ஏசி 24ல். பகலில் சன்னலை மூடித் திரை போட்டு 29க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் முதல் முளை. முப்பத்தைந்து நாளுக்குள் 34 முளைத்தன. நடுவில் நான்கு நாள் மாமா ஊரில் இல்லை. மூடியைத் திறந்து காற்றுவிட மறந்துபோனதில் நாற்றழுகல் வந்து ஒரு மூலையில் இருந்த 11 நாற்றுகள் ஒரே இரவில் தரையோடு சாய்ந்தன. முளை தெரிந்த நாளில் இருந்து மூடியைத் தினமும் ஒரு மணி நேரமாவது திறந்து வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து எடுத்துவிடலாம். மிச்சம் 23.

செப்டம்பர் முதல் வாரம், நான்கைந்து இலை வந்தபின் மூன்று அங்குலக் கப்புகளுக்கு மாற்றினோம். மாற்றும்போது ஒரே ஒரு விஷயத்தில் கண்ணாக இருக்க வேண்டும். எல்லா இலையும் ஒரே இடத்தில் இருந்து கிளம்பும் அந்தக் குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மண்ணுக்குள் போனால் அழுகும். ரொம்ப மேலே தூக்கினால் வேர் காயும். மாமா ஒவ்வொரு கப்பையும் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துத்தான் கீழே வைத்தார்.

மொட்டை மாடிக்குப் போகவில்லை. முதல் மாடியின் கிழக்குப் பால்கனி. காலை பத்தரை வரை வெயில், அப்புறம் நிழல். கறுப்பு வளர்ப்புப் பையையும் விட்டுவிட்டோம். அடுத்த மார்ச்சில் சமையல் தெர்மாமீட்டரை வைத்து மதியம் இரண்டு மணிக்கு அளந்து பார்த்தேன்: மொட்டை மாடியில் இருந்த கறுப்புப் பையின் மண் 43, பால்கனியில் இருந்த மண்தொட்டியின் மண் 31. மண்தொட்டியின் சுவர் வழியாக ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் பானைத் தண்ணீர் மாதிரி உள்ளே குளிர்கிறது. இடமும் நிழலும் வேறுதான், அதனால் இது சரிசமமான ஒப்பீடு இல்லை. ஆனாலும் 43 டிகிரி மண்ணில் மலைச்செடியின் வேர் என்ன செய்யும்?

இலை ஓரம் ஏன் கருகியது

செப்டம்பர் கடைசியில் எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. இலை ஓரம் மறுபடியும் பழுப்பாக ஆரம்பித்தது, போன பருவம் மாதிரியே. நரம்புகள் பச்சையாக இருக்க, நடுவில் இலை மஞ்சளித்தது. போன பருவத்தில் இதை வெயில் என்று எழுதி வைத்திருந்தார் மாமா. ஆனால் இப்போது செடி இருப்பது பால்கனி நிழலில். வெயில் இல்லை என்றால் வேறு என்ன?

உரமா என்று பார்த்தோம். மண்புழு உரம் தவிர எதுவும் போடவில்லை. பூச்சியா என்று இலையின் அடிப்பக்கம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஒரு காலை நேரம் அவர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, சமையலறையில் ஆர்.ஓ. மெஷினுக்குக் கீழே இருந்த வாளியை மாமா தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். அது ஆர்.ஓ. வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர். வீணாக்கக் கூடாது என்று இரண்டு வருடமாக அதைத்தான் செடிக்கு ஊற்றுகிறார்கள். தண்ணீர்க் கஷ்டம் பார்த்த சென்னை வீடுகளில் இது நல்ல பழக்கம் என்றே எல்லோரும் நினைக்கிறோம். பாத்ரூம் கழுவ, தரை துடைக்க அது நல்லதுதான்.

தெரிந்தவரிடம் டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவி, வாங்கி வந்தேன். போர் தண்ணீர் 920. ஆர்.ஓ. கழிவு 1,410. போர் தண்ணீரில் இருக்கும் உப்பைக் குடிநீரில் இருந்து பிரித்தெடுத்து, கெட்டியாக்கி, அதைத்தான் நாங்கள் செடிக்கு ஊட்டியிருக்கிறோம். உப்புக்கு மிகவும் பயப்படும் பயிர்களில் ஒன்று ஸ்ட்ராபெரி. மண்ணில் உப்பு ஏற ஏற அதன் மின்கடத்துத்திறனும் ஏறும்; அது ஒரு மீட்டர் நீளத்துக்கு 1 டெசிசீமன்ஸ் என்ற அளவைத் தாண்டினாலே ஸ்ட்ராபெரியின் விளைச்சல் குறையத் தொடங்கும். தக்காளிக்கு அந்த எல்லை 2.5. அதனால்தான் அதே வாளித் தண்ணீரில் மாமாவின் தக்காளி ஒன்றும் ஆகாமல் காய்த்துக்கொண்டிருந்தது; எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. வேர் உறிஞ்சிய தண்ணீர் இலை வழியாக ஆவியாகும்போது உப்பு இலையின் ஓரத்திலேயே தங்கிவிடுகிறது, ஓரம் கருகுகிறது. நடுவில் மஞ்சளிப்பது இன்னொரு விஷயம். கடினத் தண்ணீர் மண்ணைக் காரத்தன்மைக்குத் திருப்பிவிடும். அப்போது மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. ஸ்ட்ராபெரிக்கு மண்ணின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 5.5க்கும் 6.5க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? பதில் மாமா தலைக்கு மேலேயே இருந்தது. நாற்றுக்காக இரவெல்லாம் ஓடிய ஏசியின் வடிகுழாய், பால்கனி ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. மீட்டரை வைத்தால் 18. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு ஒரு ராத்திரியில் ஆறேழு லிட்டர் வருகிறது. அதில் முக்கால் பங்கு, வாரியத் தண்ணீர் கால் பங்கு என்று கலந்தோம். முழுக்க ஏசி தண்ணீரே ஊற்றினால் சுண்ணாம்புச் சத்துக்கூட இல்லாமல் போய்விடும் என்பதால் இந்தக் கலப்பு. ஏசியை மருந்து போட்டுக் கழுவிய வாரத்தில் மட்டும் அந்தத் தண்ணீரைப் பிடிக்கக் கூடாது. முதலில் ஒரு நாள், தொட்டியின் அடியில் வழிந்தோடும்வரை மூன்று தடவை ஊற்றிப் பழைய உப்பைக் கழுவினோம். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது. ஆனால் அதற்குப் பிறகு வந்த இலை எல்லாம் ஓரம் சுத்தமாக, பல் பல்லாக, பளிச்சென்று வந்தன. மூன்றே வாரம். முதல் பருவத்தின் சாவிலும் பாதிப் பழி இந்த வாளிக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

மழைக்காலத்தில் ஏசி ஓடாது. அதற்குத்தான் மழை இருக்கிறதே. மாடி மழைநீர்க் குழாயில் இருந்து இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்தார் மாமா. கொசு நுழையாமல் வலையும் கட்டினார்.

மழையும் பூவும்

2024 அக்டோபர் நடுவில் சென்னையில் கொட்டிய மழையிலும், நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலிலும் செடிகளை வீட்டுக்குள் எடுத்து வைத்தார்கள். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் நான்கு செடி குருத்து அழுகிப் போனது. தொட்டிகளைச் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்தி, அடியில் இரண்டு ஓட்டுத்துண்டு வைத்துத் தூக்கி, மேல்மண்ணில் உமி பரப்பியதும் நின்றது. கப்பிலேயே சவலையாக நின்றவற்றைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். எட்டு அங்குல மண்தொட்டிகளில் கடைசியாக நின்றவை 11 செடிகள்.

டிசம்பர் 6, முதல் மொட்டு. முதல் பூக்களைக் கிள்ளிவிட்டால் செடி பலம் பெறும் என்று நான் சொன்னேன். மாமா இரண்டைக் கிள்ளினார், மூன்றாவதில் கையை எடுத்துக்கொண்டார். "இதுக்காகத்தானம்மா ஒரு வருஷம்" என்றார். அவர் செய்ததுதான் சரி என்று எனக்கும் தோன்றுகிறது. வருடம் முழுக்கப் பழம் எடுக்கப்போகிற ஊரில் அந்த அறிவுரை பொருந்தும். மூன்று மாதம் மட்டுமே கிடைக்கிற ஊரில் ஒவ்வொரு பூவும் கணக்கு.

ஸ்ட்ராபெரியின் மேல் இருக்கும் ஒவ்வொரு மணியும்தான் தாவரவியல்படி ஒரு பழம். நாம் சாப்பிடும் சதை பூவின் அடிப்பகுதி வீங்கியது. எந்த மணிக்கு மகரந்தம் சேர்ந்ததோ அதைச் சுற்றி மட்டும்தான் சதை வைக்கும். முதலில் வந்த பிஞ்சுகள் ஒரு பக்கம் சூம்பிப் போயிருந்தன. பால்கனியில் தேனீ குறைவு. மாமா பேத்தியின் ஓவியத் தூரிகையை எடுத்துக் காலை ஒன்பது மணி வாக்கில் ஒவ்வொரு பூவிலும் ஓரத்தில் இருந்து நடு நோக்கிச் சுற்றித் தடவினார். அத்தை இரண்டு துளசித் தொட்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். துளசிப் பூவுக்கு வந்த கொசுத்தேனீக்கள் ஸ்ட்ராபெரிக்கும் வந்தன. அப்புறம் பழம் நல்ல கூம்பாக வந்தது. பூவில் இருந்து பழுக்க நான்கு வாரம்.

அறுவடை

ஜனவரி 5 முதல் ஏப்ரல் 8 வரை 412 பழங்கள். மாமா ஒன்றுவிடாமல் எண்ணினார். பத்துப் பழத்தைத் தராசில் வைத்தால் 8 கிராம். அதாவது மூன்று மாத உழைப்பின் மொத்த எடை 330 கிராம் வாக்கில். கடையில் இரண்டு டப்பா. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நிறையப் பழம் வேண்டும் என்பவர்கள் மகாபலேஷ்வரில் நடும் 'விண்டர் டான்' போன்ற பெரிய ரகத்தின் கன்றுகளை அக்டோபரில் வாங்கி நடட்டும். சென்னையில் அது இதைவிடச் சுலபம்.

ஆனால் ஆல்ப்பைனின் வாசனை அதில் வராது. இந்தப் பழத்தின் மணத்தில் மெதில் ஆந்த்ரனிலேட் என்ற பொருள் இருக்கிறது. மல்லிகையின் மணத்திலும் அது உண்டு. நான் முதல் நாள் குண்டுமல்லி என்று நினைத்தது கற்பனை இல்லை என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். முழுச் சிவப்பாகி, தொட்டாலே காம்பைவிட்டுக் கழன்று வரும் நாளில்தான் இந்த மணம் முழுதாக இருக்கும். ஒரு நாள் முன்னால் பறித்தால் புளிப்பும் சக்கையும்தான். பறித்துச் சில மணி நேரத்தில் துவண்டுவிடும் என்பதால் கடைக்கு வர வாய்ப்பே இல்லை. செடியின் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கிடைக்கும் பழம் இது.

அந்த ஒரு நாள் காத்திருப்பதற்குள் அணில் வந்துவிடும். கொசுவலை கட்டும்வரை சிவப்புப் பழங்களில் பாதி அணிலுக்கும் கொண்டைக்குருவிக்கும் போனது. 412 என்பது அவை போக மிஞ்சிய கணக்கு. 'யெல்லோ ஒண்டர்' பழத்தை மட்டும் பறவைகள் கண்டுகொள்ளவே இல்லை. பழுத்தாலும் வெளிர்மஞ்சளாகவே இருப்பதால் காய் என்று நினைத்துவிடுகின்றன போல. ருசியில் அது ரூகனுக்குக் குறைந்தது இல்லை; அன்னாசி வாசம் இதில்தான் தூக்கல். பேத்திக்கு இதுதான் பிடித்தது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்த ரகத்தைத்தான் சொல்வேன்.

பிப்ரவரி கடைசியில் காற்று வறண்டதும் சிவப்புச் சிலந்திப்பேன் வந்தது. இலையில் ஊசி குத்தினாற்போல வெளிர்ப் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. வேப்ப எண்ணெயைவிட, தினமும் காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சியடித்ததுதான் கைகொடுத்தது. எண்ணெய் அடிப்பதென்றால் சாயங்காலம் மட்டும். வெயிலில் அடித்தால் இந்த மெல்லிய இலை வெந்துவிடும்.

கோடை, அப்புறம் அடுத்த ஆடி

ஏப்ரலில் இரவு வெப்பம் 26ஐத் தாண்டியதும் பூ நின்றது. இந்த முறை யாரும் பதறவில்லை. பழைய இலைகளைக் கழித்துவிட்டு, பால்கனியின் உள்மூலையில், மண்தொட்டியை மணல் நிரப்பிய பெரிய தொட்டிக்குள் இறக்கி மணலை மட்டும் ஈரமாக வைத்தார் மாமா. 11ல் இரண்டு செடிகள் 2025 கோடையைத் தாண்டின. தாண்டியவை ஜூலையில் புது இலை விட்டாலும் பழைய வீரியம் இல்லை. என்னைக் கேட்டால் சென்னையில் இதை ஒரு வருடச் செடியாக வைத்துக்கொள்வதே நல்லது. கோடையில் அவற்றைக் காப்பாற்றச் செலவழித்த நேரத்தில் புது நாற்றைச் சுலபமாக வளர்த்திருக்கலாம்.

மாமா இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிழைத்த செடியின் விதையை எடுத்து விதைத்துக்கொண்டே போனால் சென்னைக்கென்று ஒரு ஆல்ப்பைன் உருவாகும் என்கிறார். இந்தச் செடி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். விதையில் வரும் பிள்ளைகள் அநேகமாகத் தாயைப் போலவே இருக்கும். தேர்ந்தெடுக்க வேறுபாடு இருந்தால்தானே தேர்ந்தெடுப்பது? அதைச் சொன்னேன். சரி, ஆனாலும் பார்க்கலாம் என்றார். பழத்தைக் காகிதத்தில் நசுக்கிக் காயவைத்து, விரலால் தேய்த்து விதையை உதிர்த்து, பிழைத்த செடியின் விதையைத் தனிப் பொட்டலமாகவும் மற்றதை வேறாகவும் கட்டி, தேதி எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

2025 ஜூலை 17. மறுபடியும் ஆடி முதல் நாள். இந்த முறை குச்சியைப் பிடித்தது அத்தை. இரண்டு டப்பா, டப்பாவுக்கு 40 விதை, ஒன்றின் மேல் மாமா பேனாவால் "கோடை" என்று எழுதியிருக்கிறார். கார்த்திகை பிறந்த இந்த வாரத்தில் இரண்டிலும் சேர்த்து 26 செடிகள் பால்கனியில் நிற்கின்றன. ஆர்.ஓ. வாளி இப்போது பாத்ரூமில் இருக்கிறது. நேற்று மாலை பேத்தி எனக்குப் போன் செய்தாள். "கோடை" டப்பாச் செடி ஒன்றில் மொட்டு மாதிரி ஏதோ தெரிகிறதாம். இலையா மொட்டா என்று வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நாளைக்குக் காலையில் லென்ஸை எடுத்துக்கொண்டு போகிறேன்.